போர்க்காலத்து மகுடம்

வீடு பற்றி எரிகையிலே சுருட்டுக்கு நெருப்புக் கேட்டவன் கதையை நம்மவர் அறிவர். போர் நடக்கும் நாடொன்றில் அழகுராணிப் போட்டி நடந்தது என்று செய்தி வரும்போதெல்லாம் அந்தச் சுருட்டுக்காரனும் பேச்சிலே கூடவே வந்துவிடுகிறான். அங்கே பிணம் விழுகிறது, இங்கே பெண்கள் பூனை நடை நடக்கிறார்களாம் என்று மூக்கில் விரல் வைப்போர் பலர்.

2023 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் பிரபஞ்ச அழகுராணிப் போட்டி நடைபெற்றது. அதில் உக்ரைன் நாட்டின் சார்பிலே சென்ற விக்டோரியா அபனசென்கோ என்னும் மங்கை பெரிய சிறகுகளும் கையிலே வாளுமாக மேடையில் தோன்றினார். அவருடைய நாட்டில் அப்பொழுது ஏவுகணைகள் விழுந்துகொண்டிருந்தன. அந்தப் படத்தைக் கண்ட எம் கல்லூரி மாணவர், 'போர்க்காலத்தில் அழகுராணிப் போட்டி தகாது' என்னும் பொருளில் விவாதம் ஒன்று நடத்த வேண்டுமென விரும்பினர். நடத்தினோம். தகாது என்ற கட்சி எளிதில் வென்றது. கைதட்டல் எல்லாம் அவர்களுக்கே. எதிர்க் கட்சியிலே பேசிய மாணவி ஒருத்தி மட்டும், "அப்படியானால் கிரிக்கெட் மட்டும் தகுமோ?" என்று கேட்டுவிட்டு அமர்ந்தாள். அந்தக் கேள்விக்கு அன்று எவரும் விடை சொல்லவில்லை. அதனை இங்கே சிறிது ஆராய்வோம்.

போருக்கும் அழகுப் போட்டிக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. கிரேக்கரின் பழங்கதையிலே மூன்று தேவியர் தம்முள் யார் அழகி என்று வழக்கிட்டு, பாரிஸ் என்னும் இளைஞனிடம் தீர்ப்புக் கேட்டனர். அவன் ஒருத்திக்குப் பொன் ஆப்பிளைக் கொடுத்தான். அதற்குக் கைம்மாறாக அவள் காட்டிய பெண்ணைக் கவர்ந்து வந்தான். அதிலிருந்து பத்தாண்டுப் போர் மூண்டு திரோய் நகரம் சாம்பலாயிற்று. நம் பக்கத்திலே சுயம்வரம் என்றொரு வழக்கம் இருந்தது. அங்கே வரிசையில் நிற்போர் ஆடவர், மாலையைக் கையிலேந்தி நடப்பவள் பெண். யார் நிற்பது, யார் பார்ப்பது என்பதில் எத்துணை வேறுபாடு! ஆயினும் சுயம்வர மண்டபங்களிலும் கடைசியில் வாட்கள் உருவப்பட்டன என்பதைப் புராணம் படித்தோர் மறவார்.

அது கிடக்கட்டும். நம் கண்டி மாநகருக்கு வருவோம்.

1996 ஜனவரி 31-ஆம் நாள் கொழும்பிலே மத்திய வங்கிக் கட்டடத்தின் மீது வெடிகுண்டு நிரப்பிய லொறி மோதியது. தொண்ணூறு பேரளவில் மாண்டனர். உலகக் கிண்ணக் கிரிக்கெட் போட்டிக்கு வரவிருந்த அவுஸ்திரேலிய அணியும் மேற்கிந்திய அணியும் கொழும்பில் விளையாட மாட்டோம் என்று மறுத்துவிட்டன. அடுத்து வந்த மார்ச் 6-ஆம் நாள் நம் அஸ்கிரிய மைதானத்திலே இலங்கை அணி கென்யாவை எதிர்த்து ஆடி, 5 விக்கெட் இழப்புக்கு 398 ஓட்டங்களைக் குவித்தது. ஒருநாள் ஆட்டத்தில் அதுவரை உலகில் எந்த அணியும் அத்தனை ஓட்டங்கள் எடுத்ததில்லை. அரவிந்த டி சில்வா மட்டும் 145. மத்திய வங்கியின் இடிபாடுகள் கிடக்கையிலே இந்த ஆரவாரம் ஏன் என்று அன்று எவரேனும் கேட்டனரா? கேட்டதாக எமக்கு நினைவில்லை. அதே மாதம் 17-ஆம் நாள் லாகூரில் கிண்ணத்தை வென்றபோது, துயருற்ற நாட்டுக்கு ஒரு மருந்து என்றே எல்லாரும் சொன்னார்கள். நாமும் அப்படித்தான் எண்ணினோம்.

பின்னும் ஒன்று. 2007 டிசெம்பர் 3-ஆம் நாள் அதே அஸ்கிரியவில் முத்தையா முரளிதரன் இங்கிலாந்து வீரர் கொலிங்வூட்டின் விக்கெட்டைச் சாய்த்தார். அது அவருடைய 709-ஆவது டெஸ்ட் விக்கெட். ஷேன் வோர்னின் உலக சாதனை அத்தோடு முறிந்தது. குண்டசாலையில் பிஸ்கட் தொழிற்சாலை வைத்திருந்த ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, தான் வளர்ந்த ஊரிலே, தன் பெற்றோர் பார்த்திருக்க இதனைச் சாதித்தார் என்று கண்டிக் கடைத்தெருவிலே சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாரும் பட்டாசு கொளுத்தினர். வடக்கே மன்னார்ப் பக்கம் அவ்வேளையில் கடும் சண்டை. பட்டாசின் ஒலிக்கும் பீரங்கியின் ஒலிக்கும் இடையே இருநூறு கிலோமீட்டர் கூட இராது. எவரும் முகம் சுளிக்கவில்லை.

இதிலிருந்து நாம் அறிவது யாது? போர்க்காலத்தில் மகிழ்ச்சி கூடாது என்னும் விதியை நம் சமூகம் எல்லார்க்கும் பொதுவாக விதிப்பதில்லை. ஆடவர் பந்து அடித்தால் அது நாட்டின் உள்ளுறுதி. பெண்கள் மேடையேறினால் அது வெட்கக்கேடு. விவாதத்திலே அந்த மாணவி தொட்ட இடம் இதுவே.

முற்றுகைக்குள் இருப்பவர் மகிழ்வதற்கும், முற்றுகைக்கு வெளியே இருப்பவர் மகிழ்வதற்கும் வேறுபாடு உண்டு என்பதையும் இங்கே கருத வேண்டும். 1992 ஏப்ரலிலே பொஸ்னியா நாட்டின் தலைநகராகிய சாரயேவோவைச் சேர்பியப் படைகள் வளைத்துக்கொண்டன. 1996 பெப்ரவரி வரை, ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், அம்முற்றுகை நீங்கவில்லை. சூழ இருந்த மலைகளிலே பீரங்கிகள், உயர்ந்த கட்டடங்களிலே மறைந்திருந்து சுடுவோர். மின்சாரமில்லை, எரிபொருளில்லை. தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றோர் மீதும் எறிகணைகள் விழுந்தன. 2012-இல், முற்றுகை தொடங்கி இருபதாண்டு நிறைந்தபோது, இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒன்றாக நகரின் பெருந்தெருவிலே 11,541 சிவப்பு நாற்காலிகளை வெறுமையாக வரிசையிட்டு வைத்தனர்.

அந்த நகரிலே 1993 மே மாத இறுதியில் ஓர் அழகுராணிப் போட்டி நடந்தது. எறிகணைக்கு அஞ்சி நிலவறையிலே நடத்தினார்கள். முற்றுகையிடப்பட்ட சாரயேவோவின் அழகுராணி என்பதே பட்டத்தின் பெயர். வென்றவர் இனேலா நோகிச் என்னும் பதினேழு வயதுப் பெண். போட்டிக்கு வந்த பெண்கள் எல்லாரும் நீச்சலுடையில் ஒரே வரிசையாக நின்று, கையிலே நீண்ட பதாகை ஒன்றைப் பிடித்தனர். அவர்கள் எம்மைக் கொல்ல விடாதீர்கள் என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் அதிலே எழுதியிருந்தது. தம் மொழியிலே எழுதாமல் ஆங்கிலத்தில் ஏன் எழுதினர்? அதைப் படிக்க வேண்டியவர் அந்த நிலவறையில் இல்லை. படம் பிடிக்கும் கருவி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த உலகமே படிக்க வேண்டும். பில் கார்ட்டர் என்னும் அமெரிக்கர் அதனைப் படமெடுத்தார். 1995-இல் ஐரிஷ் இசைக்குழுவாகிய யூ-டூவினர், இத்தாலியப் பாடகர் பவரொட்டியைச் சேர்த்துக்கொண்டு அந்த அழகுராணியின் பெயராலேயே பாடலொன்றை வெளியிட்டனர்.

இச்செய்தியைப் படிக்கையில் எமக்கு யாழ்ப்பாணத்து உறவினர் சொன்ன கதைகளே நினைவில் எழுந்தன. தொண்ணூறுகளின் முற்பகுதியில் அங்கே பொருளாதாரத் தடை. சவர்க்காரம், மண்ணெண்ணெய், மின்கலம் எல்லாம் அரிய பொருள்கள். ஜாம் போத்தலில் சிறிது எண்ணெய் விட்டு, திரியிட்டு விளக்காக்கி, அதன் முன் பிள்ளைகள் படித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டனர். அக்காலத்திலேயும் கலியாணங்கள் நடந்தன. மணப்பெண்ணுக்குப் பட்டுச்சேலை எங்கிருந்தோ வந்தது. எண்ணெய் விளக்கொளியிலே அலங்காரம் செய்தார்கள். விமானம் இரைந்தால் பதுங்குகுழிக்குள் ஓடி, மண் தட்டி வெளியே வந்து, கலைந்த பூவைத் திருத்திக்கொண்டு மணவறைக்குச் சென்ற பெண்களும் உண்டு. இவர்களையெல்லாம் பார்த்து, போர்க்காலத்தில் உனக்கு என்ன சிங்காரம் என்று கேட்க எவருக்கு நா எழும்? கண்ணாடி முன் நின்று தலைவாருவது, நாளையும் நாம் உயிரோடு இருப்போம் என்று எண்ணுபவர் செய்யும் செயல் அன்றோ? சாரயேவோவின் பெண்களும் செய்தது ஏறத்தாழ இதுவே. அவர்கள் கூடுதலாக ஒரு பதாகையையும் பிடித்தனர்.

ஆகவே அழகுராணிப் போட்டியை நாம் ஆதரிக்கிறோம் என்று நேயர்கள் முடிவு கட்டிவிட வேண்டாம். மகிழ்ச்சி தகுமா, தகாதா என்னும் கேள்வியைக் காட்டிலும் கடினமான கேள்வி வேறொன்று இருக்கிறது. மகுடம் சூட்டப்பட்டவள் யாருக்காக வேலை செய்கிறாள்?

அமெரிக்காவிலே இரண்டாம் உலகப் போரின்போது அழகுராணிப் போட்டியைத் தொடர்ந்து நடத்தினார்கள். அத்திலாந்திக் சிற்றி நகரின் பெரிய மண்டபத்தை இராணுவம் எடுத்துக்கொண்டமையால் போட்டி ஒரு திரையரங்குக்கு மாற்றப்பட்டது. 1943-இல் வென்ற ஜீன் பார்ட்டெல் ஊர் ஊராகச் சென்று போர்க் கடன் பத்திரங்கள் விற்றார். 25 இலட்சம் டொலர் பெறுமதியான பத்திரங்களை அவர் விற்றதாகக் கணக்கு. அந்தக் காலத்து 25 இலட்சம் டொலர் என்றால் எத்தனை விமானம், எத்தனை குண்டு என்று கணக்கு ஆசிரியரிடம்தான் கேட்க வேண்டும். நாட்டுக்காகவே செய்தார், அந்தப் போரும் நாசிகளை எதிர்த்த போர், மறுப்பதற்கில்லை. ஆயினும் அங்கே அழகு ஓர் ஆயுதச் சாலையின் வாயிலிலே நின்று கூவி விற்றது என்பதும் உண்மையே.

இந்தியாவின் ரீட்டா ஃபரியா 1966 நவம்பரிலே இலண்டனில் உலக அழகுராணியானார். ஆசியாவிலிருந்து அப்பட்டத்தை வென்ற முதல் பெண் அவரே. பம்பாயிலே வைத்தியக் கல்வி பயின்றுகொண்டிருந்தவர். பட்டம் பெற்ற அடுத்த மாதமே பொப் ஹோப் என்னும் நகைச்சுவை நடிகரின் குழுவோடு வியட்நாமுக்குச் சென்று, அங்கே போரிட்டுக்கொண்டிருந்த அமெரிக்கப் படையினரை மகிழ்விக்கும் நிகழ்ச்சியில் மேடையேறினார். அந்தப் போரை இந்தியா ஏற்கவில்லை. எனவே தாய்நாட்டில் கண்டனம் எழுந்தது. ஓராண்டுப் பதவிக்காலம் முடிந்ததும் அவர் சினிமாவையும் நாடவில்லை, விளம்பரத்தையும் நாடவில்லை. படிப்பை முடித்து வைத்தியராகி அயர்லாந்திலே குடியமர்ந்தார். இருபத்து மூன்று வயதுப் பெண்ணொருத்தி ஒப்பந்தப்படி சென்ற இடத்துக்காக நாடே அவரை வைதது. ஒப்பந்தம் எழுதியவர்களை வைதவர் குறைவு.

மகுடத்தின் மேல் ஒரு நாட்டின் பெயரை எழுதிவிட்டால் இன்னொரு சிக்கலும் எழுகிறது. அந்த நாட்டுக்குள் எவர் எவர் அடக்கம்? இதனை அறிய 1945-ஆம் ஆண்டு அமெரிக்க அழகுராணியின் கதை உதவும். யப்பான் சரணடைந்த பத்திரத்தில் மை உலர்ந்த சில நாட்களில், செப்டெம்பர் 8-ஆம் நாள் பெஸ் மையர்சன் முடி சூட்டப்பட்டார். ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோரின் மகள், பட்டதாரி. போட்டியை நடத்தியவர்கள், யூதப் பெயரென்று தெரியாத வேறு பெயரை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். வென்ற பிறகு, அமெரிக்கா என்று எழுதிய பட்டியைத் தோளில் அணிந்தவருக்கு அமெரிக்க விடுதிகள் சில கதவடைத்தன. விளம்பர நிறுவனங்கள் பின்வாங்கின. நாசிகளை வென்றுவிட்டோம் என்று நாடு கொண்டாடிய அதே மாதங்களில்! அவர் சுற்றுப்பயணத்தை இடையிலே விட்டுவிட்டு, இனவெறுப்பை எதிர்த்துப் பாடசாலை பாடசாலையாகப் பேசத் தொடங்கினார்.

இப்பொழுது நம் நாட்டுக்கு வருவோம். 2006-ஆம் ஆண்டு பிரபஞ்ச அழகுராணிப் போட்டிக்கு இலங்கையின் அழகுராணியாகச் சென்றவர் ஜாக்குலின் பெர்னாண்டஸ். பின்னாளில் பம்பாய்த் திரையுலகிலே பெயர் பெற்றவர் என்பதால் நேயர்கள் நன்கறிவர். பஹ்ரேனில் பிறந்தவர், சிட்னியில் படித்தவர், பல இரத்தம் கலந்த குடும்பத்தினர். அவர் மேல் எமக்கு யாதொரு குறையுமில்லை. நாம் சொல்ல வருவது நாள்காட்டியைப் பற்றியது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் இறுதிப் போட்டி நடந்த நாள் 2006 ஜூலை 23. போர்ட்டோ ரிக்கோ நாட்டுப் பெண் வென்றார். ஜூலை 23 என்றால் நம்மவர்க்கு வேறு நினைவும் உண்டு. 1983-இல் அந்நாளிரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியிலே படையினர் பதின்மூவர் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து நாடெங்கும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்ததும், கண்டி நகரமும் அதற்குத் தப்பாததும் மறக்கக் கூடியனவல்ல. 2006-இலும் அதே ஜூலையின் மூன்றாம் வாரத்திலேயே திருகோணமலை மாவட்டத்து மாவிலாற்று மதகு மூடப்பட்டது. வயலுக்குத் தண்ணீர் நின்றது. 26-ஆம் நாள் விமானங்கள் குண்டு வீசின. ஏட்டளவில் மட்டும் எஞ்சியிருந்த போர்நிறுத்தம் அத்தோடு செயலிழந்தது எனலாம். ஒரே கிழமையிலே ஓர் இலங்கை லொஸ் ஏஞ்சலிஸ் மேடையில் புன்னகை செய்தது. இன்னோர் இலங்கை மாவிலாற்றங்கரையில் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது.

ஒகஸ்ட் 11-ஆம் நாள் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 நெடுஞ்சாலை மூடப்பட்டது. போர் முடியும்வரை பொதுமக்களுக்கு அது திறக்கவில்லை. கண்டிக்காரராகிய நமக்கு இந்தச் சாலையோடு தனி உறவுண்டு. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து அக்குறணை, மாத்தளை, தம்புள்ளை என்று போகும் அந்தப் பாதையைக் கண்டி வீதி என்றே வடக்கத்தியார் அழைப்பர். அது அடைபட்டிருந்த ஆண்டுகளிலும் தேசிய அழகுராணிகள் தெரிவு செய்யப்பட்டனர். தேசியம் என்பதற்கு நாடு முழுவதும் என்று பொருள் கொண்டால், கிளிநொச்சியில் இருந்த ஒரு பெண் கொழும்புக்கு வந்து விண்ணப்பம் கொடுப்பதெப்படி? யாழ்ப்பாணத்தில் இருந்தவள் கப்பலுக்கோ விமானத்துக்கோ பாஸ் எடுக்கக் கிழமைக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வன்னிக்கு அதுவும் இல்லை. நம் மலையகத்துத் தோட்டங்களில், பத்துக்குப் பன்னிரண்டு அடி லய அறையில் வளர்ந்தவளுக்குச் சாலை திறந்திருந்தது உண்மை. ஆனால் அந்த மேடைக்குச் செல்லும் வழியை ஒப்பனைச் செலவும், ஆங்கிலப் பேச்சும், கொழும்பு அறிமுகமும் அடைத்துக்கொண்டு நின்றன. தோளிலே தொங்கும் பட்டியில் நாட்டின் பெயர் முழுமையாகத்தான் இருந்தது. நாடு அப்படியிருக்கவில்லை.

ஒருவர் கேட்கலாம்: கிரிக்கெட் அணிக்கும் இதே குறை உண்டல்லவா என்று. உண்டு. ஆனால் முரளிதரனைத் தெரிவு செய்தவர் அவருடைய பந்தைப் பார்த்தனர். பந்து விக்கெட்டில் பட்டதா இல்லையா என்பதில் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை. (அவர் கையை வளைக்கிறாரா என்று அவுஸ்திரேலியர் ஆராய்ந்த கதை வேறு.) அழகுக்கு அப்படியொரு விக்கெட் நட்டு வைக்கப்படவில்லை. நடுவர் எதை அழகென்று எண்ணுகிறாரோ அதுவே அழகு. ஆகையினால்தான் அங்கே நாட்டின் முகம் இதுவென்று சிலர் கூடி முடிவு செய்ய முடிகிறது.

பெரிய மேடைகளை விட்டுச் சிறிய மேடைக்கு வருவோம். சித்திரை வருடப்பிறப்பு வந்தால் கண்டியைச் சுற்றியுள்ள கிராமங்கள் யாவற்றிலும், கலகெதரவிலும் தெல்தெனியவிலும் கம்பளையிலும், ஒலிபெருக்கி கட்டி விளையாட்டு விழா நடத்துவார்கள். வழுக்குமரம் ஏறுதல், தலையணைச் சண்டை, கயிறிழுத்தல், யானைக்குக் கண் வைத்தல் எல்லாம் முடிந்த பிறகு மாலையில் அவுருது குமாரி தெரிவு நடைபெறும். பக்கத்து வீட்டுப் பெண்கள் சீத்தையும் சட்டையும் உடுத்துக் கூச்சத்தோடு மேடையேறுவர். ஊர் சிரிக்கும், கைதட்டும். பரிசு ஒரு குடமோ, ஒரு சேலையோ. இதிலே குற்றம் காணும் மனம் எமக்கில்லை. எம் தமிழ்ப் பிள்ளைகளும் சில ஊர்களில் பங்குபற்றுகிறார்கள்.

கதிர்காமத்திலும் இப்படியொரு புத்தாண்டு விழாவில், எழுபதாம் ஆண்டை ஒட்டிய காலத்தில், பிரேமவதி மனம்பேரி என்னும் பெண் அழகுராணியாகத் தெரிவு செய்யப்பட்டார். எளிய குடும்பத்தில் மூத்த மகள். ஊரில் அவருக்கு அதனால் ஒரு பெயர் ஏற்பட்டது. அவ்வளவே.

1971 ஏப்ரல் 5-ஆம் நாள் மக்கள் விடுதலை முன்னணியைச் சேர்ந்த இளைஞர் நாட்டின் பல பகுதிகளிலும் பொலிஸ் நிலையங்களைத் தாக்கினர். ஊரடங்குச் சட்டம் பிறந்தது. இராணுவம் எங்கும் பரவியது. எம் பேராதனை வளாகத்திலிருந்தும் மாணவர் பலர் அந்த எழுச்சியில் சேர்ந்திருந்தனர், கேகாலைப் பக்கத்துக் காடுகளில் எத்தனையோ பிள்ளைகள் மாண்டனர் என்பதை இங்குள்ள மூத்தோர் இன்றும் சொல்வர். ஆயுதம் தூக்கிய பிள்ளைகளுக்கும் உயிர் இருந்தது, அவர்கள் சுட்ட பொலிஸாருக்கும் உயிர் இருந்தது. அதனைப் பேச இது இடமன்று.

புத்தாண்டு பிறந்து இரண்டு மூன்று நாள் கழிந்திருக்கும். ஏப்ரல் நடுப்பகுதியில் மனம்பேரியை அவருடைய வீட்டிலிருந்து படையினர் பிடித்துச் சென்றனர். கிளர்ச்சியாளருக்கு உதவினார் என்பது குற்றச்சாட்டு. அவருக்கு அப்போது வயது இருபத்திரண்டு. எந்த மன்றிலும் அவரை நிறுத்தவில்லை. ஆடை களைந்து, அவர் அழகுராணியாக நடந்த அதே ஊரின் வீதியிலே நடத்திச் சென்று சுட்டுக் கொன்றார்கள்.

இதனை எழுதக் கை கூசுகிறது. குடும்பத்தோடு படிக்கும் பகுதியில் இது வேண்டுமா என்று கேட்பாரும் இருப்பர். ஆனால் அழகுராணிகளின் புன்னகைப் படங்களை இதே பகுதியில் எத்தனையோ முறை குடும்பத்தோடு பார்த்திருக்கிறோம். ஆடித் திருவிழாவுக்குக் கண்டியிலிருந்து பஸ்ஸேறிச் சென்று, மாணிக்க கங்கையில் மூழ்கி, காவடி எடுத்து, அரோகரா சொல்லித் திரும்பும் நம்மவரில் எத்தனை பேருக்கு அந்த வீதியின் இந்தக் கதை தெரியும்? பாரதக் கதையிலே கௌரவர் சபையில் பாஞ்சாலி கூவியபோது சேலை வளர்ந்தது. கதிர்காமத்தில் அப்படி ஒன்றும் வளரவில்லை. வேடிக்கை பார்க்கும்படி ஆக்கப்பட்ட ஊர் கதவிடுக்கில் நின்றது.

கொல்லப்பட்ட பெண்கள் வேறு இலரா? உளர். அந்த ஆண்டிலும், 1988, 89-இலும், பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் பெயர் வெளியே வராமல் போன பெண்கள் பலர். மனம்பேரிக்கு நேர்ந்ததில் தனியாக நம் நெஞ்சைத் தைப்பது, கொன்றவர்கள் அவரை வீதியிலே நடத்திய முறை. மேடையிலே நடந்து காட்டிய பெண்ணை மீண்டும் நடத்திக் காட்டினார்கள். ஊரார் கண் பட நிற்கும் உரிமையைப் பட்டம் அவருக்கு ஒரு மாலை கொடுத்தது. துப்பாக்கி வந்தபோது அந்தக் கண்களின் நடுவே அவரைத் தள்ளுவது தண்டனையாயிற்று.

பின்னர் வழக்கு நடந்தது. இராணுவத்தினர் இருவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டு 16 ஆண்டுக் கடூழியச் சிறைத் தண்டனை பெற்றனர். படையினர் செய்த கொலைக்குச் சீருடையணிந்தவர் தண்டிக்கப்பட்டது இந்த நாட்டிலே அரிதாக நடந்த காரியம். வழக்கு நடந்த காலத்துச் செய்திகளிலும், அதற்குப் பின் எழுதப்பட்டவற்றிலும் அவரைக் கதிர்காமத்து அழகுராணி என்றே குறிப்பிடுகிறார்கள். ஊர் விழாவொன்றிலே, வழுக்குமரத்துக்கும் கயிறிழுத்தலுக்கும் பிறகு, ஒரு மாலைப்பொழுதுக்கென்று கொடுத்த பட்டம் அது.